ஆள் 500 கூடியது, லாபம் 560 வெள்ளி கூடியது: ஒரு சமையல் கூடத்தின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் தமிழர்கள் நடத்தும் சிறுதொழில் என்றால் தேக்கா மளிகைக் கடை, கேம்பல் லேன் பூக்கடை, சிராங்கூன் சாலை உணவகம் இவைதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கடைகள் எல்லாம் அடைத்த பிறகு வேலையைத் தொடங்கும் இன்னொரு தொழிலும் இருக்கிறது. செனோக்கோ, பாண்டான் லூப் போன்ற இடங்களில் உள்ள உணவுத் தொழிற்கூடங்களில் நள்ளிரவில் அடுப்பைப் பற்றவைத்து, தங்கும் விடுதிகளில் இருக்கும் கட்டுமான, கப்பல் பட்டறை ஊழியர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தொழில் அது. 2020இல் கிருமித்தொற்றால் விடுதிகள் மூடப்பட்டபோதுதான் இந்தச் சாப்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்கும் தெரிய வந்தது.

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. இந்த ஆய்வில் வரும் கூடம் ஒரே கூடம் இல்லை. இதே தொழிலில் இருக்கும் சிலரிடம் திரும்பத் திரும்பப் பார்த்ததை ஒரு கூடமாகக் கட்டி எழுதியிருக்கிறேன். கூடத்தின் தொகைகள் கணக்குப் போட வசதியாக முழுமையாக்கப்பட்டவை. சட்டம், வரி விகிதம், கெடு தேதி எல்லாம் உள்ளபடியே.

கூடமும் 400 பேரும்

கணவன், மனைவி இருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். எனக்கு அவர்கள் அண்ணன், அக்கா. சமையல், லாரி, ஆட்கள் எல்லாம் அண்ணன் பொறுப்பு. பணம் அக்கா பொறுப்பு. மூன்று விடுதிகளில் 400 பேர், ஆளுக்கு மாதம் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). விடியும் முன்பே காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் ஒன்றாகப் போய்விடும். மாலையில் இரவுச் சாப்பாடு போகும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சாம்பார், ரசம், காரக்குழம்பு, பொரியல். வங்காளதேசத்துக்காரர்களுக்கு மசூர் பருப்பு, மீன், உருளைக்கிழங்கு பிசைந்தது. இரண்டு சமையலுக்கும் தனித்தனி அண்டா.

அக்கா வைத்திருப்பது 555 நோட்டு, கடைக்காரர்கள் கணக்கு எழுதும் சின்னக் குறிப்பேடு. ஒரு பக்கத்தைத் திறந்தால் இப்படி இருக்கும்: பிளாக் 4, அறை 12, 11 பேர், அதில் 2 வங்காளம், ஒருவர் ஊருக்குப் போயிருக்கிறார், 18ஆம் தேதி வருவார், ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை சைவம். அறைக்கு ஒருவர் பணம் வாங்கித் தருவார். சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் 10ஆம் தேதிக்குள் அக்காவுக்கும் பணம் வந்துவிடும், பெரும்பாலும் பேநவ் என்ற கைப்பேசிப் பணப் பரிமாற்றம் வழியாக. யாராவது தரத் தாமதமானால் அறை முழுவதும் அவரைக் கேட்கும். மாதம் ஆயிரம் வெள்ளி சம்பாதிக்கும் ஆளைப் போல ஒழுங்காகப் பணம் தருபவரை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

ஓர் ஆளுக்கு ஆகும் செலவை அக்காவும் நானும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா, கோழி 50 வெள்ளி. இவை மொத்த வியாபாரிகளிடம் 30 நாள் கடனில் வருபவை. காய்கறி, மீன், முட்டை 30 வெள்ளி. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலும் சில்லறை ஆட்களிடமும் அன்றன்றைக்குக் கைக்காசு. பொட்டலம் கட்டும் பொருள், எரிவாயு 10 வெள்ளி. சம்பளம், மத்திய சேமநிதி, லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை) 30 வெள்ளி. வாடகை, லாரி, மற்றவை 17 வெள்ளி. மொத்தம் 137. மிச்சம் 13. அதாவது 400 பேருக்கு மாதம் 5,200 வெள்ளி. இரண்டு பேர் இரவு பகலாக உழைத்து எடுக்கும் தொகை இது. பெரிசு இல்லை, ஆனால் கடன் இல்லாத தொழில்.

ஒப்பந்தம்

ஒரு கட்டுமானத் துணை ஒப்பந்ததாரர் வந்தார். அருகருகே இரண்டு வேலைத்தளங்கள், 500 ஊழியர்கள், எல்லோருக்கும் நிறுவனமே பணம் கட்டும், ஆளுக்கு 150. மாதக் கடைசியில் பில், அதிலிருந்து 45 நாளில் பணம்.

"ஒரே கையெழுத்துல 500 பேர் வர்றாங்க, யார் விடுவா?" என்றார் அண்ணன். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 400 பேரை ஒவ்வோர் அறையாகப் போய்ச் சேர்க்க அவருக்குப் பல வருடம் ஆனது. அவர் அரிசி விலையை விசாரித்தார், பழைய நீராவி அடுப்பு ஒன்றை வாங்கினார், ஆட்களைச் சேர்த்தார், ஒரு வாரத்தில் கையெழுத்துப் போட்டார். கேட்காமல் விட்டது இரண்டு: முதல் காசு எந்தத் தேதியில் கைக்கு வரும், அந்த 150 வெள்ளிக்குள் வரி அடங்கியிருக்கிறதா இல்லையா.

மார்ச் 1ஆம் தேதி சாப்பாடு போக ஆரம்பித்தது.

மே 25 வரை

மார்ச் மாதப் பில் மார்ச் 31இல் போனது. 45 நாள் என்றால் மே 15. உண்மையில் பணம் வந்தது மே 25. துணை ஒப்பந்ததாரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் மேலே இருந்து வர வேண்டும். கட்டடச் சொந்தக்காரர் பிரதான ஒப்பந்ததாரருக்குத் தருவார், அவர் துணை ஒப்பந்ததாரருக்குத் தருவார், அவர் ஊழியர் சம்பளத்தையும் லெவியையும் கட்டிய பிறகு மிச்சத்தைச் சாப்பாட்டுக்காரருக்குத் தருவார். அந்த வரிசையில் கடைசி ஆள் நாம். கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இனி செலவு. அந்த 500 பேருக்கு மட்டும் மாதம் 68,500 வெள்ளி ஆகும். மார்ச் செலவு முழுவதும் மே 25க்கு முன்பே கையை விட்டுப் போய்விட்டது; 30 நாள் கடனில் வாங்கிய மார்ச் மாத அரிசி, கோழிக்கு ஏப்ரல் கடைசியில் பணம் கட்டியாயிற்று. ஏப்ரலில் கைக்காசுச் சாமான், வாடகை, மே முதல் வாரத்தில் கொடுத்த ஏப்ரல் சம்பளம் எல்லாம் சேர்த்து 43,500. ஏப்ரல் அரிசி, கோழிக்கு மே கடைசி வரை நேரம் இருந்ததால் அந்த 25,000 மட்டும் நின்றது. மே மாதத்தில் 25 நாள் காய்கறி, மீன், எரிவாயு, வாடகை, லாரி என்று 24,500. கூட்டினால் 1,36,500 வெள்ளி. இவ்வளவும் போன பிறகுதான் முதல் 75,000 வந்தது.

அண்ணனிடம் சேமிப்பாக இருந்தது 40,000. பழைய 400 பேர் கட்டிய பணத்தை எடுத்துப் புதிய 500 பேருக்குச் சமைத்தார். அதுவும் போதவில்லை. ஏப்ரல் நடுவில் அக்காவின் நகைகள் அடகுக்குப் போயின. இங்கே அடகுக் கடை வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, மாதத்துக்கு 1.5 விழுக்காடு. அதனால் வட்டி அவர்களை மூழ்கடிக்கவில்லை. தூக்கத்தைக் கெடுத்தது சேமநிதிதான். சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், தவறினால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. 17ஆம் தேதி வாக்கில் லெவி வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். கணக்கில் பணம் இல்லை என்றால் ஊழியரின் வேலை பெர்மிட் விவகாரமாகிவிடும். சம்பளத்தைத் தள்ளிப்போட முடியாது, சேமநிதியைத் தள்ளிப்போட முடியாது, லெவியைத் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போடக்கூடியவர் அரிசி வியாபாரி ஒருவர்தான். அவர் பழகிய மனிதர், "பரவாயில்ல தம்பி, அடுத்த மாசம் சேர்த்துக் குடு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கூடம் பிழைத்தது. அந்த நம்பிக்கையை இவர்கள் எட்டு வருடம் நாள் தவறாமல் பணம் கட்டிச் சம்பாதித்திருந்தார்கள்.

இத்தனைக்கும் காகிதத்தில் கூடம் ஒவ்வொரு மாதமும் லாபம்தான் காட்டியது. விற்பனையும் இரண்டு மடங்குக்கு மேல். யாரிடம் காட்டினாலும் நல்ல வளர்ச்சி என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஒப்பந்தம் கையில் வந்ததும் லாபக் கணக்கைப் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, தேதி வாரியாக எந்த நாளில் எவ்வளவு போகும், எந்த நாளில் எவ்வளவு வரும் என்று எழுதிப் பாருங்கள். பென்சில் போதும். மென்பொருள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வரிக்குள் போன லாபம்

பணத் தட்டுப்பாட்டையாவது அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இன்னொன்று சத்தமில்லாமல் வந்தது.

பொருள் சேவை வரி 2007 முதல் 7 விழுக்காடாக இருந்தது. 2023 ஜனவரியில் 8 ஆனது, 2024 ஜனவரியில் 9 ஆனது. வரிக்குரிய விற்பனை ஒரு நாட்காட்டி ஆண்டில் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். அடுத்த 12 மாதத்தில் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். இந்த இரண்டாவது விதியைத்தான் பலர் கவனிப்பதில்லை. 400 பேர் இருந்தபோது கூடத்தின் ஆண்டு விற்பனை 7,20,000 வெள்ளி, எல்லைக்கு உள்ளே. 900 பேருக்கு 16,20,000. கையெழுத்தான ஒப்பந்தம் கையில் இருக்கிறது, தாண்டும் என்பதற்கு அதைவிட ஆதாரம் வேண்டாம். 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் விட்டால் உள்நாட்டு வருவாய் ஆணையம் பழைய தேதியிலிருந்தே பதிவு செய்து, வாடிக்கையாளரிடம் நாம் வாங்காத வரியையும் நம்மிடம் கேட்கும்.

பதிவு நேரத்துக்குச் செய்தார்கள், அதில் குறையில்லை. சிக்கல் விலையில் இருந்தது. ஒப்பந்தத்தில் '150 வெள்ளி' என்று மட்டும் இருந்தது. வரி தனி என்று எழுதாத விலையில் வரியும் அடக்கம் என்றுதான் கொள்ளப்படும். 150இல் 109க்கு 9 பங்கு வரி, அதாவது ஏறக்குறைய 12.40 வெள்ளி. நாம் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் விற்றவரும் வரிக்குப் பதிவு செய்திருக்க வேண்டும். மொத்த அரிசி வியாபாரி, எரிவாயு நிறுவனம், கட்டடச் சொந்தக்காரர் பதிவு செய்தவர்கள். காய்கறி, மீன் தரும் சில்லறை ஆட்கள் இல்லை. சம்பளத்திலும் லெவியிலும் கழிக்க எதுவும் இல்லை. எல்லாம் போட்டுப் பார்த்தால் ஆளுக்கு 5.80 வெள்ளி கழிக்கலாம். கையிலிருந்து போவது 6.60. ஆளுக்கு 13 வெள்ளி இருந்த லாபம் 6.40 ஆனது.

இது 500 பேரோடு நிற்கவில்லை. பதிவு செய்தவுடன் பழைய 400 பேரின் சாப்பாட்டுக்கும் அதே வரி உண்டு. அவர்கள் தனி ஆட்கள், வரியைத் திரும்பப் பெற வழி இல்லாதவர்கள். 150ஐ 163.50 ஆக்கினால் அடுத்த மாதமே வேறு கூடத்துக்குப் போய்விடுவார்கள், போகவும் வேண்டும். அண்ணன் விலையை ஏற்றவில்லை. ஆக 900 பேருக்கும் ஆளுக்கு 6.40 வெள்ளி, மாதம் 5,760. முன்பு 400 பேருக்குச் சமைத்தபோது 5,200. இரண்டு மடங்குக்கு மேல் வேலை, அடகில் நகை, கூடுதலாகக் கிடைத்தது 560 வெள்ளி. அந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "இதுக்காகவா தம்பி இவ்வளவும்?"

இதைவிட வேதனையானது, வரி தனி என்று எழுதியிருந்தால் ஒப்பந்தக்கார நிறுவனத்துக்கு ஒரு காசு நட்டமில்லை என்பது. அவர்களும் வரிக்குப் பதிவு செய்தவர்கள். நமக்குக் கட்டும் 13.50 வெள்ளியைத் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் விலை அதிகமாகத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் நம் ஆட்கள் அதைக் கேட்பதில்லை. தனி ஆளிடம் விற்கும்போது வரி உண்மையிலேயே விலையை ஏற்றும். பதிவு செய்த நிறுவனத்திடம் விற்கும்போது பெரும்பாலும் ஏற்றாது. இந்த இரண்டு வகை வாடிக்கையாளர்களையும் ஒரே விலைப் பட்டியலில் போடவே கூடாது என்பது என் திடமான கருத்து. '150, வரி தனி' என்று இருந்திருந்தால் அந்த 500 பேரில் லாபம் ஆளுக்கு 18.80 ஆகி, கூடத்தின் மொத்த லாபம் 11,960 வெள்ளிக்கு வந்திருக்கும். இரண்டு சொல்லின் விலை மாதம் 6,200 வெள்ளி.

போதாக்குறைக்கு வரி கட்டும் காலமும் இடித்தது. காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் கணக்குக் கொடுத்து வரி கட்ட வேண்டும். பில் போட்ட தேதிதான் கணக்கு, பணம் வந்த தேதி இல்லை. வந்த காசுக்கு மட்டும் வரி கட்டும் முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அது ஆண்டு விற்பனை ஒரு மில்லியனுக்குள் இருப்பவர்களுக்கு. எல்லையைத் தாண்டியவருக்குக் கிடையாது. ஆக, கைக்கு வராத பணத்துக்கும் வரி முதலில் போனது.

13 மணி நேரச் சாம்பார்

கணக்கை விட்டு அடுப்புக்கு வருவோம். எனக்கு இதில் அதிக அக்கறை, ஏனென்றால் சாப்பிடுபவர்கள் வெயிலில் கம்பி கட்டுபவர்கள்.

400 பேர் இருந்தபோது இரவு 12.30க்கு அடுப்பு பற்றும், 3 மணிக்குக் குழம்பு இறங்கும், 4.30க்கு லாரி கிளம்பும். மதியம் 12க்குச் சாப்பிடும்போது சமைத்து 9 மணி நேரம் ஆகியிருக்கும். சமைத்த உணவை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் வைத்தால் கிருமி பெருகும், சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது நல்லது என்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு கேட்டரிங் உணவுக்குச் சொல்லும் அறிவுரை. இந்தத் தொழில் அந்த 4 மணி நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை.

900 பேர் ஆனதும் அண்டாவும் அடுப்பும் இரண்டு தவணையாக ஓட வேண்டியதாயிற்று. முதல் தவணை இரவு 9 மணிக்கே தொடங்கி 11 மணிக்கு இறங்கியது. சூடு ஆறும் முன்பே பிளாஸ்டிக் பையில் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடைகளில் அடுக்கினார்கள். நேரமில்லை, வேறு வழி இல்லை. மறுநாள் மதியம் வேலைத்தளத்தில் பையைப் பிரித்தால் 13 மணி நேரச் சாம்பார். பை லேசாக உப்பியிருக்கும், முடிச்சை அவிழ்த்தால் நுரை. முருங்கைக்காயும் தேங்காயும் போட்ட நாளில் இன்னும் மோசம். "அண்ணே, சாம்பார் புளிச்சிருச்சு, வெறும் சோறும் ஊறுகாயும்தான்" என்று ஒருவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் படத்தை அண்ணன் எனக்குக் காட்டியபோது வரிக் கணக்கைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.

ஏப்ரலில் இப்படி நான்கைந்து நாள் ஆனது. பழைய 400 பேரில் இரண்டு அறைகள் மொத்தமாக வேறு கூடத்துக்கு மாறிவிட்டன. நிறுவனம் பணம் கட்டும் 500 பேரால் மாற முடியாது, அவர்கள் சாப்பாட்டைக் கொட்டினார்கள், கைக்காசு போட்டு ரொட்டி வாங்கினார்கள். எந்தப் பேரேட்டிலும் ஏறாத நட்டம் அது.

அடுப்பு எத்தனை பேருக்குத் தாங்கும் என்ற கேள்விக்கு அரிசி எவ்வளவு வேகும் என்று மட்டும் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. கடைசி ஆள் சாப்பிடும் நேரத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வர வேண்டும். அப்படி எண்ணினால் இந்தக் கூடத்தின் கொள்ளளவு 550க்கு மேல் இல்லை.

ஆள் விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேவைத் துறையில் மொத்த ஊழியரில் 35 விழுக்காடு வரைதான் வெளிநாட்டு ஊழியர் இருக்கலாம், ஏறக்குறைய இரண்டு உள்ளூர்க்காரருக்கு ஒரு வெளிநாட்டவர். உள்ளூர்க்காரரை முழு ஆளாகக் கணக்கில் சேர்க்கத் தேவையான குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜூலையில் 1,600 வெள்ளியாக உயர்ந்தது. அதில் பாதி முதல் அதற்குள் வாங்குபவர் அரை ஆள். பொட்டலம் கட்ட வரும் அக்காமார் பலர் அரை நாள் வேலைக்காரர்கள், அரை ஆள் கணக்கு. ஆகவே இரண்டு வெளிநாட்டுச் சமையல்காரரைக் கூட்ட நினைத்தால் முதலில் நான்கு உள்ளூர்க்காரரைத் தேட வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தான ஒரு வாரத்தில் நடக்கும் காரியம் இல்லை அது.

திரும்பப் பேசியது

ஜூன் மாதம் ஒரு பக்கத் தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் துணை ஒப்பந்ததாரரைப் பார்க்கப் போனார். புலம்பல் எதுவும் இல்லை. மதியச் சாப்பாடு எத்தனை மணிக்குச் சமைக்கப்படுகிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடப்படுகிறது, எத்தனை நாள் புகார், மாற்றினால் என்ன செலவு, பணம் எந்தத் தேதியில் வந்தால் இதைச் செய்ய முடியும் என்பது மட்டும் அதில் இருந்தது.

வரி விஷயம் சில நிமிடத்தில் முடிந்தது. அந்த நிறுவனத்தின் கணக்காளர், "அதை நாங்க திரும்ப எடுத்துக்குவோம், தனியாப் போட்டுருங்க" என்றார். நான்கு மாதமாகப் போன லாபத்தைத் தடுக்க இவ்வளவுதான் வேண்டியிருந்தது. பணம் தரும் தேதிக்குத்தான் நீண்ட இழுபறி. கடைசியில் மாதம் இரண்டு பில், ஒவ்வொன்றுக்கும் 30 நாள் என்று முடிவானது. ஆரம்பத்திலேயே இந்த முறை இருந்திருந்தால் முதல் காசு வரும்வரை கூடத்திலிருந்து போயிருக்கக்கூடியது 61,000 வெள்ளி வாக்கில்தான். 1,36,500 என்பதைத் தாங்காத கூடம் 61,000ஐத் தாங்கியிருக்கும், நகையும் வீட்டில் இருந்திருக்கும்.

சாப்பாட்டில் நல்ல வழி ஒன்று பிறந்தது. 500 பேரும் இரண்டே தளங்களில் இருக்கிறார்கள், அதுவும் அருகருகே. எண்ணிக்கையைவிட இதுதான் அந்த ஒப்பந்தத்தின் உண்மையான மதிப்பு, அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. விடியற்காலையில் காலைச் சாப்பாட்டை மட்டும் அனுப்பி, மதியச் சாப்பாட்டைக் காலை 8 மணிக்கு மேல் சமைத்து, சூடு காக்கும் பெட்டிகளில் 11.30க்குத் தளத்தில் இறக்கலாம். லாரி நடை ஒன்று கூடும், ஆளுக்கு 6 வெள்ளி கூடுதல் செலவு. விலையை 156, வரி தனி என்று கேட்டார், கிடைத்தது. வயிற்றுவலியால் வேலைக்கு வராத ஆளால் ஆகும் நட்டம் 6 வெள்ளியைவிட அதிகம் என்பது தள மேலாளருக்குத் தெரிந்திருந்தது. இரவுத் தவணை பழைய அளவுக்கு வந்தது.

கடன் விஷயத்தில், தொழில்களுக்கு உதவும் அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆதரவோடு வங்கிகள் தரும் நடைமுறை மூலதனக் கடன் இருக்கிறது, பில்லைக் காட்டி முன்பணம் வாங்கும் வழியும் இருக்கிறது. இவற்றை விளக்கிச் சொல்லச் சிறுதொழில் நிலையங்கள் உண்டு, ஆலோசனைக்குக் காசு இல்லை. சிங்கப்பூர் இந்திய வர்த்தக தொழிற்சபையும் அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறது. ஆனால் அவற்றைத் தேடிப் போக வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முந்தைய வாரம். மே மாதம் வங்கியில் போய் நின்றால் கணக்கில் இருப்பு இல்லாத ஆறு வாரத்தை அவர்கள் பார்ப்பார்கள். அண்ணன் அப்போதுதான் போனார், கிடைக்கவில்லை. இப்போது கொஞ்சம் கையிருப்பு சேர்ந்த நிலையில் சிறிய தொகை ஒன்று வாங்கி, நகையை மீட்டிருக்கிறார்கள்.

யாரிடம் கடனுக்கு விற்கிறோம் என்று பார்ப்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த நிறுவனத்தின் விவரக் குறிப்பையும் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவிடம் 5.50 வெள்ளிக்கு வாங்கலாம். கட்டிய மூலதனம் எவ்வளவு, இயக்குநர்கள் யார், எப்போது தொடங்கியது, எல்லாம் அதில் இருக்கும். மாதம் 75,000 வெள்ளிக்குச் சாப்பாடு கடனாகக் கொடுக்கும் முன் அதை வாங்கிப் படிக்காதவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சிறு தொகை நின்றுபோனால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 500 பேரின் ஒரு மாதப் பில் அந்த எல்லைக்குள் அடங்காது. அந்த அளவுக்குக் கடன் கொடுத்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய 400

இனி இருப்பது பழைய வாடிக்கையாளர்கள். வரி அவர்கள் பங்கிலும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லி விலையை 155 ஆக்கினார்கள். சிலர் விலகினார்கள், பெரும்பாலானோர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கிடைக்கும் லாபம் குறைவுதான், ஆனாலும் விட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னபோது அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அவர் பக்கம். மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் கூடத்தின் அடுப்பு எரிந்தது அந்த அறைகளிலிருந்து 10ஆம் தேதிக்குள் வந்த பணத்தில்.

அவர்களின் மதியச் சாப்பாடு இன்னும் விடியற்காலை லாரியில்தான் போகிறது. தேங்காயை நிறுத்தியாயிற்று, சாம்பார் நாட்களைக் குறைத்து வற்றல் குழம்பும் புளிக்குழம்பும் கூட்டியாயிற்று, தயிரைத் தனிப் பொட்டலமாக்கியாயிற்று, குழம்பு ஆறிய பிறகே பை கட்டுகிறார்கள். புகார் குறைந்திருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் தீவு முழுவதும் சிதறிய வேலைத்தளங்களுக்குப் போகிறவர்கள், சூடாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமானால் ஆளுக்கு மாதம் 25 வெள்ளியாவது கூடும் என்பது அக்காவின் கணக்கு. அதை ஊழியர் தலையில் ஏற்ற அவர்களுக்கு மனமில்லை. அந்தத் தளங்களில் எங்கெல்லாம் 30 பேருக்கு மேல் ஒன்றாக இருக்கிறார்களோ, அந்த முதலாளிகளிடம் அந்த 25 வெள்ளியை மட்டும் நிறுவனம் கட்டுமா என்று கேட்டு, வரி தனி என்று எழுதிய கடிதத்தை இந்த மாதம் அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். இதுவரை ஒரு முதலாளி சரி என்றிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை முதல் 42 பேருக்குப் பகல் 11.30க்குச் சாப்பாடு போகும்.